வரைபடத்தில் எழும் மலைக்கோட்டை

விடுமுறை நாளொன்றில் மாணவன் ஒருவன், தான் கணினியில் தீட்டிய கற்பனைத் தீவின் வரைபடத்தைக் கொணர்ந்து காட்டினான். வண்ணங்கள் கண்ணைப் பறித்தன. ஆயினும் மலைகள் பள்ளங்களாகத் தோன்றின. ஆறோ கடலில் பிறந்து மலையேறியது!

"தம்பி, முதலில் ஸ்ரீரங்கத்தை வரைந்து பார். அதுவும் தீவுதானே!" என்றேன்.

"அன்றாடம் பாலத்தைக் கடக்கிறேன் ஹஜ்ரத், தீவென்று எண்ணியதே இல்லையே!" என்று வியந்தான்.

வரைபடக் கலை நமக்குப் புதிதன்று. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அறிஞர் அல்-இத்ரீஸி 1154-இல் நிறைவு செய்த உலகப் படம் 70 பகுதிகளைக் கொண்டது. தெற்கு மேலே அமைந்தது. அதில் மலைகளும் கடல்களும் தனித்தனி வண்ணம் பெற்றன.

அன்று தூரிகை செய்த பணியை இன்று மென்பொருள் செய்கிறது. 1996-இல் வெளிவந்த 'கிம்ப்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் நீர், நிலம், மலை, ஊர்ப்பெயர் ஆகியவற்றைத் தனித்தனி லேயர்களில் வரைதல் வேண்டும். ஒன்றைத் திருத்துகையில் மற்றொன்று சிதையாது. மேட்டை வெண்மையாகவும் தாழ்வைக் கருமையாகவும் கொண்ட சாம்பல்நிறப் படமொன்று தீட்டி, 'பம்ப் மேப்' என்னும் வசதியைச் செலுத்தினால், தட்டையான தளம் மேடுபள்ளம் பெறும். ஒளி இடப்புற மேல் மூலையிலிருந்து விழட்டும். கீழிருந்து விழுந்தால் நம் கண் குன்றைக் குழியாகவே காணும். மாணவனின் பிழை இதுவே.

அவன் மீண்டும் வரைந்தான். மேற்கே முக்கொம்பில் காவிரி பிரிந்தது. வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி, இடையே ஸ்ரீரங்கம். மணற்பரப்புக்கு நுண்புள்ளிகள், வயலுக்கு மென்கோடுகள். தென்கரையில், சமவெளி நடுவே மலைக்கோட்டை தனித்து எழுந்தது.

வரைந்து முடித்தவன் கேட்டான்: "வெள்ளம் வந்தால் எவ்வழி செல்லும் ஹஜ்ரத்?" உபரி நீரைச் சுமப்பது கொள்ளிடமே என்றேன். 2018 ஆகஸ்டில் முக்கொம்புக் கொள்ளிட அணையின் 9 மதகுகள் இடிந்து வீழ்ந்ததையும் கூறினேன். அவன் நெடுநேரம் அவ்விடத்தையே நோக்கியிருந்தான்.

பெற்றோரே! கணினியின் முன் அமரும் பிள்ளைகளைக் கடிந்து எழுப்புமுன், சொந்த ஊரை ஒருமுறை வரையச் சொல்லுங்கள். நீர் செல்லும் வழியறிந்து வரைந்த கை, பின்னர் கற்பனைத் தீவிலும் ஆற்றை மலையேற விடாது.