மெய்நிகர் சுற்றுலா

மெய்நிகர் சுற்றுலா என்பது ஓர் இடத்தை எல்லாத் திசைகளிலும் படமெடுத்து ஒன்றாக இணைத்து, பார்ப்பவர் அங்கேயே நின்று திரும்பிப் பார்ப்பது போன்ற காட்சியைக் கணினியிலோ கைப்பேசியிலோ தரும் முறையாகும். ஊருக்குப் பயணிகளை ஈர்க்க இது இன்று பயன்படுகிறது.

இந்தியாவில் இதன் தொடக்கம் எளிதாக அமையவில்லை. 2011 இல் பெங்களூருவில் கூகுள் தொடங்கிய வீதிக்காட்சிப் படப்பிடிப்பைப் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் காவல்துறை சில வாரங்களிலேயே நிறுத்தியது. சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களின் தெருக்கள் 2022 இல்தான் இணையத்தில் வந்தன. நினைவுச்சின்னங்கள் முந்திக்கொண்டன: 2013 இல் இந்தியத் தொல்லியல் துறையுடன் செய்த உடன்பாட்டின்படி 100 சின்னங்களைப் படமெடுக்க முடிவாகி, மறு ஆண்டே தாஜ் மகால் இணையத்தில் வந்தது. வாகனம் நுழையாத இடங்களுக்கு, 15 வில்லைகள் கொண்ட படக்கருவியை ஒருவர் முதுகில் சுமந்து நடந்தார்.

ஆனால் படம் மட்டும் போதாது. 1984 முதல் உலகப் பாரம்பரியக் களமாக உள்ள மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனையும் அதன் காலடியில் எலிகளும் உள்ளன. நேரில் செல்பவர்களிலேயே பலர் அதைக் கவனிக்காமல் படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். சுட்டிக்காட்டும் குறியும் இரண்டு வரி விளக்கமும் இல்லையென்றால் திரையிலும் அது வெறும் பாறைதான்.

முதியோருக்கு வேறொரு பயனும் உண்டு. அருகிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் 500க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். படிகளின் உயரத்தை முன்கூட்டியே திரையில் பார்த்தால், ஏறுவதா, அடிவாரக் கோயிலோடு நிறுத்திக்கொள்வதா என்று வீட்டிலேயே முடிவெடுக்கலாம்.