குருத்தெலும்பும் வலியும்

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால், காற்றிலிருந்த கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறத்தாழ இரு மடங்கானது. 1963ஆம் ஆண்டின் தடை ஒப்பந்தத்துக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்துவந்ததால், உடலின் ஒரு திசு எந்தக் காலத்தில் உருவானது என்பதை அதிலுள்ள கார்பன்-14ஐ அளந்து கணிக்க முடிகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் இம்முறையை முழங்கால் குருத்தெலும்பில் கையாண்டு, 2016இல் தம் முடிவை வெளியிட்டனர்: குருத்தெலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம், வளரும் பருவம் முடிந்த பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை, மூட்டுவாதம் தாக்கிய முழங்காலிலும் நிலைமை அதுவே.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் இந்த வழவழப்பான அடுக்கு, முழங்காலில் சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதன் பெரும்பகுதி நீர். அந்நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பெருமூலக்கூறும் அதைச் சிதறாமல் கட்டும் கொலாஜன் வலையும் சேர்ந்தே உடலின் எடையைத் தாங்குகின்றன. இவற்றைச் சுரக்கும் உயிரணுக்களோ மிகச் சில. இரத்தக் குழாய் எதுவும் அங்கே நுழைவதில்லை என்பதால், கால் அசையும்போது மூட்டுத் திரவத்திலிருந்து கசிந்து வருவதே அவற்றுக்கு உணவு. எலும்பு முறிந்தால் இரத்தம் உறைந்து, பழுதுபார்க்கும் உயிரணுக்கள் திரள்வது போன்ற எதுவும் இங்கே நிகழ்வதில்லை. கெட்டுப்போன குருத்தெலும்பு திரும்ப வளர்வதில்லை என்பதை வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743இலேயே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியிருக்கிறார். குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது என்பதை இங்கே சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்: மூட்டு வலி சுற்றியுள்ள சவ்விலிருந்தும் அடியிலுள்ள எலும்பிலிருந்தும் எழுகிறதே தவிர, தேய்ந்த குருத்தெலும்பிலிருந்து நேரடியாக எழுவதில்லை.

பழுதுபார்க்கும் முயற்சிகளில் எளியது மைக்ரோஃப்ராக்சர் என்னும் முறை. குருத்தெலும்பு பெயர்ந்த இடத்தில் அடி எலும்பைச் சிறு துளைகளாகக் குத்தினால், மஜ்ஜையிலிருந்து இரத்தமும் மூல உயிரணுக்களும் கசிந்து புதிய திசு உருவாகும். ஆனால் அது தழும்பை ஒத்த நார்க் குருத்தெலும்பாக அமைவதால், சில ஆண்டுகளில் நலிந்துவிடுவது வழக்கம். சுவீடனின் கோதன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பர்க் ஆகியோர் 1987இல் வேறு வழியைத் தொடங்கினர். நாற்றங்காலில் விதைத்து வளர்த்த பயிரைப் பிடுங்கி வயலில் நடுவதைப் போல, நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பு உயிரணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, குழி விழுந்த இடத்தில் அவர்கள் செலுத்தினர். 23 பேரின் விவரங்களுடன் 1994இல் வெளியான அவர்களுடைய அறிக்கை நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் ஒருசேரத் தந்தது: தொடை எலும்பின் முனையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன் கிட்டியது, முழங்கால் சில்லில் சிகிச்சை பெற்ற ஏழு பேரில் இருவருக்கே கிட்டியது. இம்முறைக்கு அமெரிக்கா 1997இல் அனுமதி அளித்தது. உயிரணுக்களைக் கொலாஜன் சவ்வில் பதித்து ஒட்டும் மேம்பட்ட வடிவம் 2016இல் அங்கே அனுமதி பெற்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் மூக்கின் குருத்தெலும்பு உயிரணுக்களை முழங்காலுக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் விளையாட்டிலோ விபத்திலோ அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்த, பெரும்பாலும் வயது குறைந்தவர்களின் மூட்டுக்கு உரியவை. முதுமையில் பெரும்பாலோரை வாட்டும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் அத்தகைய குழி அன்று. அதில் சவ்வு அழற்சியுறுகிறது, அடி எலும்பு கடினப்பட்டு ஓரங்களில் முளைவிடுகிறது, தசை நலிகிறது. அச்சூழலில் நடப்படும் புதிய உயிரணுவும் பழையது கெட்ட அதே வழியில் கெடக்கூடும். நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டைத் தாக்கும் ருமட்டாய்டு முடக்குவாதத்தில் நிலைமை வேறு. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தால் அழிவு நிற்கும் என்று லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் 1990களில் நிறுவியது மருத்துவத்தின் பெரும் வெற்றிகளுள் ஒன்று. அங்கும் அழிவைத் தடுக்க முடிகிறதே ஒழிய, அழிந்ததை மீட்க முடிவதில்லை.

மருந்தால் குருத்தெலும்பை வளர்க்க முடிந்தால் வலி தீர்ந்துவிடும் என்ற எண்ணம் இயல்பானது. ஆய்வுகள் அதை அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை. ஸ்ப்ரிஃபெர்மின் என்ற வளர்ச்சிப் புரதத்தை மூட்டுக்குள் ஊசியாகச் செலுத்தி 549 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. அதிக அளவில் மருந்து பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் குருத்தெலும்பு, வெற்று மருந்து பெற்றவர்களைவிட 0.05 மில்லிமீட்டர் தடித்திருந்தது. வலியிலோ நடமாட்டத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. டனேசுமாப் என்ற மருந்தின் கதை இதற்கு நேர்மாறானது. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுத்து வலியைக் குறைத்த அம்மருந்து, சிலருக்கு மூட்டையே விரைவாகச் சிதைத்ததால், 2021இல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதை எதிர்த்து வாக்களித்தது. தயாரிப்பாளர்களும் அதே ஆண்டில் அதைக் கைவிட்டனர். ஹூஸ்டனில் 180 நோயாளிகளிடம் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: குழாய்க் கருவியால் மூட்டைக் கழுவிச் சீராக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கும், தோலை மட்டும் கீறி அறுவை செய்ததுபோல் பாவனை செய்யப்பட்டவர்களுக்கும் இடையே வலியில் வேறுபாடே இல்லை. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடல்பருமனுக்குத் தரப்படும் செமாகுளுடைட் ஊசியால் எடை சராசரியாக 13.7 விழுக்காடு குறைந்தவர்களின் முழங்கால் வலி, வெற்று மருந்து பெற்றவர்களுடைய வலியைவிடத் தெளிவாகத் தணிந்தது.

நோயாளிகளின் எதிர்பார்ப்புக்கும் ஆய்வு முடிவுகளுக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் விளம்பரங்கள் புகுந்துகொள்கின்றன. நோயாளியின் இரத்தத்திலிருந்து தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி, ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்திய ஆய்வில் உப்பு நீரைவிட மேலான பலன் தரவில்லை என்று 2021இல் தெரியவந்த பின்னும், அது பரவலாக விற்கப்பட்டுவருகிறது. தென் கொரியாவில் 2017இல் அனுமதி பெற்ற இன்வோசா என்ற உயிரணு மருந்து, குருத்தெலும்பைச் சேர்ந்தவை எனப்பட்ட உயிரணுக்களில் ஒரு வகை உண்மையில் சிறுநீரக வழியினது என்று தெரிந்ததால், 2019இல் அனுமதியை இழந்தது.

உயிரணுவும் மருந்தும் இல்லாத ஒரு சிகிச்சை நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் ஆராயப்பட்டுவருகிறது. முழங்காலின் மேலும் கீழும் எலும்பில் ஊசிகளைப் பதித்து, வெளிச் சட்டகத்தால் இரு எலும்புகளையும் சுமார் ஐந்து மில்லிமீட்டர் விலக்கி, இரண்டு மாதம் அப்படியே வைத்திருக்கிறார்கள். சட்டகத்தைக் கழற்றிய பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் குருத்தெலும்பு தடித்திருந்ததோடு வலியும் குறைந்திருந்தது. சுமை நீங்கியதே காரணமா, எலும்பிலிருந்து வெளிப்பட்ட ஏதேனும் பொருளா என்பது விவாதத்துக்குரியது. ஊசி பதிந்த இடங்களில் தொற்று ஏற்படுவதோ விவாதத்துக்கு இடமின்றி அடிக்கடி நிகழ்கிறது. எனவே மூட்டு மாற்று அறுவையைச் சில ஆண்டுகளேனும் தள்ளிப்போட வேண்டிய, வயது குறைந்தவர்களுக்கே இம்முறை இப்போதைக்குப் பரிசீலிக்கப்படுகிறது.