எட்டாவது காட்சிக்கும் மிஞ்ச வேண்டிய குரல்

நியூயார்க்கின் பிராட்வேயில் ஓர் இசை நாடகம் வாரத்துக்கு எட்டு முறை நடக்கும். பெரும்பாலான அரங்குகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மீதி ஆறு நாளில் இரண்டு நாள், வழக்கமாகப் புதனும் சனியும், மேட்னி ஒன்று, மாலைக் காட்சி ஒன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அதற்குள் பாட வேண்டும், ஆட வேண்டும், வசனம் பேச வேண்டும், திரைக்குப் பின்னால் அரை இருட்டில் ஓடி உடை மாற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் திரும்ப வேண்டும். சனிக்கிழமை இரவு டிக்கெட் வாங்கி வந்தவருக்கு, மேடையில் பாடும் பெண் இன்று பிற்பகலும் இதே பாட்டைப் பாடியவர் என்பது தெரியவே கூடாது.

இந்த 'எட்டு' தானாக வந்த கணக்கு அல்ல. 1913-இல் தொடங்கிய 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' என்ற நடிகர் சங்கம் 1919 ஆகஸ்டில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதுவரை பண்டிகை நாட்களில் கூடுதல் காட்சி வைத்தாலும் அதற்கென்று சம்பளம் கிடையாது. வாரக்கணக்கில் நடக்கும் ஒத்திகைக்கும் கிடையாது. அரங்குகள் ஒரு மாதம் மூடிக்கிடந்த பிறகுதான், எட்டுக் காட்சிதான் ஒரு வார வேலை, அதற்கு மேல் ஆடினால் தனிச் சம்பளம் என்று தயாரிப்பாளர்கள் இறங்கிவந்தார்கள். பாடகரின் உடல்நலம் என்றதும் தேன், இஞ்சி, பனங்கற்கண்டு என்று பேச்சு போகும். அவற்றின் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு தொழில்முறைக் கலைஞரின் தொண்டையை முதலில் காப்பாற்றியது அந்த ஒப்பந்தம் என்றே நினைக்கிறேன். அவர் வீட்டில் செய்துகொள்ளும் பத்தியம் அதற்கு அடுத்தபடிதான்.

அந்தப் பத்தியத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. குரலைக் கண்ணால் பார்த்த கதையே ஒரு மேடைப் பாடகரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஸ்பானிய இசைக் குடும்பத்தில் பிறந்த மானுவேல் கார்சியா, 1825-இல் தந்தையின் குழுவோடு நியூயார்க் வந்து இத்தாலிய ஓபராக்களில் பாடியவர். இளம் வயதில் அளவுக்கு மீறிப் பாடியதில் அவர் குரல் கெட்டது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு அவர் ஆசிரியரானார். 1854-இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியை அதில் விழச்செய்து, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். இன்று தொண்டை மருத்துவர்கள் கேமராவை உள்ளே செலுத்திப் பார்ப்பது அந்தக் கண்ணாடியின் வழித்தோன்றல்.

அந்தக் கேமராவில் தெரிவது ஏறத்தாழக் கட்டைவிரல் நகத்தின் அகலமே உள்ள இரண்டு மடிப்புகள். ஒரு பெண் பாடகி மேல் ஸ்தாயியில் ஒரு சுவரத்தைப் பிடித்து நிற்கும்போது அவை நொடிக்கு 500 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. அழுத்திப் பாடினால், கத்தினால், தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தால், மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவதைப் போல அங்கேயும் ஏறும். குரல் முடிச்சு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் ஓய்வும் பயிற்சியும் போதும். அசட்டையாக விட்டால் கரகரப்பு நிலைத்துவிடும். அதைவிட அபாயமானது, களைத்த நாணில் ஒரு சிறு ரத்தக் குழாய் வெடிப்பது. அன்று பாடியே தீர வேண்டும் என்று நின்றால் தழும்பு விழுந்துவிடும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளைப் பாடகர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது என்பது இதனால்தான்.

தண்ணீரைப் பற்றி ஒரு விஷயம். காட்சிக்கு முன் மடமடவென்று குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை. அது உணவுக் குழாயில் இறங்குகிறது. நாண்களுக்கு அது உடல் வழியாக மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஆகவே இரவு பாட வேண்டியவர் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவர வேண்டும். நேரே போய்த் தொடுவது நீராவி. அதனால்தான் ஒப்பனை அறைகளில் ஆவி பிடிக்கும் கருவியைப் பார்க்கலாம். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசினால் நல்லது என்பது பரவலான நம்பிக்கை. பலருக்கு அது நாண்களை இன்னும் இறுக்கிவிடும். பேசாமல் இருப்பதே மேல். இன்னொன்று, மெல்லிய ஸ்ட்ரா குழலை உதட்டில் வைத்து ஊதியபடியே சுவரம் பிடிப்பது. குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸா இதை ஆராய்ந்து பரப்பியவர். வாய்ப்பக்கம் உண்டாகும் எதிர் அழுத்தத்தால் நாண்கள் கடுமையாக மோதாமல் அதிர்கின்றன. காட்சிக்கு முன் சூடேற்றவும், முடிந்தபின் தணிக்கவும் இதைச் செய்கிறார்கள்.

சாப்பாடுதான் கடினமான பகுதி. வயிறு நிறைந்தால் மூச்சு இறங்காது, அதனால் காட்சிக்கு முன் குறைவாகத்தான் சாப்பிட முடியும். இரவு பதினொன்றுக்கு வெளியே வரும்போது அகோரப் பசி. உடல் இன்னும் மேடையில்தான் இருக்கிறது, தூக்கம் வராது. நள்ளிரவில் வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்வளை வரைக்கும் வரும். காலையில் குரல் கனத்து, கீழ்ச்சுருதியில் கிடக்கும். இதை வென்றவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வென்றிருக்கிறார்கள்: பெரிய சாப்பாட்டைப் பிற்பகலுக்குத் தள்ளி, இரவில் லேசாக முடித்து, படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மற்றவர்களின் நாளிலிருந்து சில மணி தள்ளி நிலையாக வைத்துக்கொள்வது. விருந்துகளும் நண்பர்களின் மாலைகளும் இதில் போய்விடும். பலருக்கும் மிச்சமிருப்பது அந்தத் திங்கட்கிழமைதான்.

உடம்புக்கு வருவோம். 1996-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் வந்த ஒரு கணக்கெடுப்பு, 23 பிராட்வே நாடகங்களில் பணியாற்றிய 313 கலைஞர்களை விசாரித்தது. பாதிப்பேருக்கு மேல், 55.5 சதவீதம் பேர், காயம்பட்டிருந்தார்கள். முன்பக்கம் சரிந்த மேடைத்தளம் காயத்துக்கு ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. பார்வையாளருக்குக் காட்சி நன்றாகத் தெரிய வேண்டும் என்று தளத்தைச் சரிக்கிறார்கள். அதன்மேல் குதிகால் உயர்ந்த செருப்போடு வாரத்துக்கு எட்டு முறை ஆடுகிறவரின் முழங்காலும் இடுப்பும் அந்தச் சரிவைச் சுமக்கின்றன. மேடைப் புகையும் அப்படியே. நடிகர்களின் நலநிதிக்கும் தயாரிப்பாளர்களுக்குமாக நடந்த ஓர் ஆய்வு, அடர்ந்த புகையில் தொண்டை எரிச்சலும் மூச்சுத் தொல்லையும் கூடுவதை 2000-இல் காட்டிய பிறகுதான், எவ்வளவு புகை விடலாம் என்பதற்கு அளவு வந்தது. இதில் நடிகர் என்ன பத்தியம் இருக்க முடியும்? தளத்தை வடிவமைப்பவரும் புகைக் கருவியை இயக்குபவரும் மனம் வைத்தால்தான் உண்டு. மனம் வைத்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 1997-இல் வந்த 'தி லயன் கிங்' நாடகத்துக்கு ஜூலி டேமோர் குழுவினர் செய்த முஃபாசாவின் பிரம்மாண்டமான முகமூடியின் எடை சுமார் 300 கிராம்தான். எதிரில் உட்கார்ந்து பார்ப்பவர் அதை நம்பமாட்டார்.

மனதின் கணக்கு வேறு. 'டியர் இவான் ஹேன்சன்' நாடகத்தில் பென் பிளாட், பதற்றத்தால் வதைபடும் ஒரு பள்ளிச் சிறுவனாக ஒவ்வொரு காட்சியிலும் அழுதுகொண்டே பாடினார். அழும்போது குரல்வளை மேலேறி இறுகும். அந்த நிலையில் சுருதி பிசகாமல் பாடுவது எவ்வளவு சிரமம் என்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு 2017-இல் டோனி விருது கிடைத்தது. அந்தக் காலம் முழுவதும் ஏறக்குறைய ஒரு துறவியைப் போல, பேச்சையும் உணவையும் வெளியே போவதையும் சுருக்கிக்கொண்டு வாழ்ந்ததாகப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். படிக்கும்போது எனக்கு அவர்மேல் மரியாதையும் கவலையும் சேர்ந்தே வந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன் ஒரு பாத்திரத்துக்காகத் தன் நாட்கள் முழுவதையும் பூட்டிவைப்பதை நாம் அர்ப்பணிப்பு என்று புகழ்கிறோம். வாரத்தில் இரண்டு காட்சியை இன்னொருவர் ஏற்றிருந்தால் அந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாமே.

அப்படி ஏற்கும் வழக்கம் பிராட்வேயில் புதிதல்ல. 1979-இல் 'எவிட்டா'வில் பட்டி லுபோன் வாரத்துக்கு ஆறு காட்சிதான் பாடினார். மேட்னிகளை வேறொரு நடிகை பாடினார். 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் ஓடிய 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வில், கதாநாயகி கிறிஸ்டீனுக்கு வாரத்தில் இரண்டு காட்சி மாற்று நடிகை என்பது தொடக்கத்திலிருந்தே வழக்கம். 2017-இல் 'ஹலோ, டாலி!' மேடைக்குத் திரும்பியபோது நாயகி பெட் மிட்லருக்குச் செவ்வாய் இரவுகள் ஓய்வு. அன்று டோனா மர்ஃபி ஆடினார், அவருக்கென்றே ரசிகர்கள் வந்தார்கள். எதிர்த்திசையில் ஜூலி ஆண்ட்ரூஸ் நினைவுக்கு வருகிறார். 20 வயதில் 'மை ஃபேர் லேடி'யில் பாடி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்குப் பின் 'விக்டர்/விக்டோரியா'வில் திரும்பியவர், அந்த நாடகக் காலத்தில் குரல் கெட்டு, 1997-இல் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பாட்டுக் குரலை மீண்டும் பெறவேயில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஸ்விங் கலைஞர்கள். இவர்களுக்கு நிலையான பாத்திரம் கிடையாது. குழுவில் யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் நிற்கும்படி ஐந்தாறு பேரின் பாட்டு, அடவு, மேடையில் நிற்கும் இடம் அத்தனையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள். 2021 டிசம்பர் 23 அன்று, கொரோனா அலைக்கு நடுவில், 'தி மியூசிக் மேன்' கதாநாயகி சட்டன் ஃபாஸ்டரால் வர முடியவில்லை. ஸ்விங் கலைஞர் கேத்தி வாய்ட்கோ நண்பகலில் அரங்குக்கு வந்தபோதுதான் அன்று தானே நாயகி என்று அறிந்தார். அந்தப் பாத்திரத்துக்கு அவருக்குக் கிடைத்த முதல் ஒத்திகை ஒரு மணிக்கு, இரவு ஆடிவிட்டார். திரை விழும் நேரத்தில் கதாநாயகன் ஹியூ ஜாக்மேன் அவரை முன்னால் நிறுத்தி, எட்டுப் பாத்திரங்களில் எது வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தவர் என்று சொல்லி, ஸ்விங் கலைஞர்களே பிராட்வேயின் அடித்தளம் என்றார். காய்ச்சலோடு மேடையேறுவதை வீரமென்று பேசிவந்த ஊரில், வீட்டில் படுத்திருக்க ஒருவரை அனுமதித்தவருக்கு அன்று கைதட்டல் கிடைத்தது.

நம்முடைய இசை நாடகத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களோடு மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் திருவிழா இரவுகளில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை போகும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சஸ்தாயியில் பாடிப் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அவருக்கு 27 வயது.

கவனித்தால், மாற்று ஆளுக்கான திறமை இந்த மரபிலேயே இருக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூன் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. சில சமயம் அன்றிரவுதான் முதல் சந்திப்பே. 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் பாடம் என்பதால் ஒரு வள்ளிக்குத் தொண்டை கட்டினால் மாலைக்குள் இன்னொரு வள்ளியை ஏற்பாடு செய்துவிடலாம். பிராட்வே பணம் செலவழித்து வளர்க்கும் ஆற்றல் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இல்லாதது அந்த இரவின் சம்பளம். ஆடாதவருக்குக் காசு இல்லை. பங்குனியிலும் சித்திரையிலும் விட்ட இரவுகளை ஐப்பசியில் பிடிக்க முடியாது. எனவே தொண்டை கட்டிய வள்ளி வெந்நீரைக் குடித்துவிட்டு விடியும்வரை பாடுகிறார்.

மதுரையிலும் மற்ற ஊர்களிலும் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. நாடகம் பேசும்போதே ஒவ்வொரு தொகையிலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மருத்துவர் குரலுக்கு ஓய்வு எழுதிக்கொடுத்த இரவுகளுக்குப் பாதிச் சம்பளமாவது தர முடியுமானால், அதை அவர்களால்தான் செய்ய முடியும். மாசி முடிவதற்குள் சங்கத்திலேயே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரை ஒரு நாள் உட்காரவைத்து, எல்லோர் குரல்வளையையும் கேமராவில் பார்த்துவிடலாம். கொஞ்சம் செலவு ஆகும். பங்குனி பிறந்தால் யாருக்கும் நேரம் இருக்காது.