அரக்கனின் முகம் எந்தப் பக்கம்?

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ரோல்பிளே கேம்களில், ஒரு குழு டன்ஜனுக்குள், அதாவது எதிரிகள் நிறைந்த ஒரு களத்துக்குள், நுழைந்தால் யாராவது ஒருவர் முதலில் போக வேண்டும். அவர்தான் டேங்க். காயங்களை ஆற்றிக்கொண்டு பின்னால் வருபவர் ஹீலர். மிச்சப் பேர் டிபிஎஸ். எதிரியை அடித்து வீழ்த்துவது அவர்கள் பொறுப்பு. 1999இல் வந்த எவர்குவெஸ்ட் காலத்திலேயே இந்த மூன்று பங்குகளும் வேரூன்றிவிட்டன. 2004இல் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் அவற்றை உலகமெங்கும் கொண்டுபோனது. அதில் டன்ஜனுக்குப் போவது ஐந்து பேர்: டேங்க் ஒருவர், ஹீலர் ஒருவர், டிபிஎஸ் மூவர். ஃபைனல் ஃபான்டஸி 14இல் நான்கு பேர்தான், டிபிஎஸ் இருவர்.

டேங்க் என்றால் அடி வாங்குகிறவர் என்றுதான் புதிதாக வரும் பொடியனுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதிதான் சரி. கவசமும் உயிர்ப்புள்ளியும் அவருக்கு மற்றவர்களைவிட அதிகம், அதனால் அடி தாங்குவார். ஆனால் அந்த அடி வேறு யார்மேலும் விழாமல் தன்மேல்தான் விழ வேண்டும் என்று ஏற்பாடு செய்வதும் அவரே. எதிரி யாரை அடிக்கும், எந்த இடத்தில் நின்று அடிக்கும், எந்தப் பக்கம் முகம் வைத்து அடிக்கும் என்பதெல்லாம் அவர் கையில். எதிரியின் நடத்தையை முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தால் மற்றவர்கள் நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கலாம். நல்ல டேங்க் இருக்கும் குழுவில் சண்டை சலிப்புத் தட்டும் அளவுக்கு ஒழுங்காக நடக்கும்.

இதன் அடியில் ஓடுவது ஒரு கோபக் கணக்கு. குழுவில் யார் யார் தனக்கு எவ்வளவு கேடு செய்தார்கள் என்று ஒவ்வொரு எதிரியும் பெயர் வாரியாகப் புள்ளி போட்டு வைத்திருக்கும். பட்டியலின் தலையில் இருப்பவரை அது அடிக்கும். ஆட்டக்காரர்கள் இதை அக்ரோ என்பார்கள். வோர்கிராஃப்டின் பழைய வடிவத்தில் ஒரு புள்ளி சேதத்துக்கு ஒரு புள்ளி கோபம். காயமாற்றினால் அதில் பாதி. ஆகவே யாரையும் தொடாமல் மூலையில் நிற்கும் ஹீலர்மேலும் எதிரிக்குக் கோபம் ஏறும். டேங்க்குக்கு ஒரு சலுகையும் உண்டு. அவரிடம் 1,000 புள்ளி இருந்தால், பக்கத்தில் நின்று வெட்டுகிறவர் 1,100ஐத் தாண்டினால்தான் எதிரி அவர் பக்கம் திரும்பும். தூர நின்று அம்பு விடுகிறவர் 1,300ஐத் தாண்ட வேண்டும். வோரியர் என்ற டேங்க் வகை, தற்காப்பு ஸ்டான்ஸ் என்ற நிலையில் நின்றால் ஒவ்வோர் அடிக்கும் கோபம் 1.3 மடங்கு. அப்படியும் எதிரி கைமீறிப் போனால் டோண்ட் என்ற சீண்டல் இருக்கிறது: அதை அழுத்திய கணமே டேங்க்கின் புள்ளி பட்டியலின் உச்சத்துக்குச் சமமாகிவிடும்.

இன்றைய கேம்களில் இந்தக் கணக்கு வெகுவாகத் தளர்ந்துவிட்டது. ஃபைனல் ஃபான்டஸி 14இல் ஸ்டான்ஸைப் போட்டுவிட்டு எல்லா எதிரியையும் நன்றாகத் தொட்டுவிட்டால், பெரும்பாலும் அவை உங்களை விட்டுப் போகா. பழைய ஆட்டக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது நல்ல மாற்றமாகத்தான் படுகிறது. புள்ளிப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்த கண் இப்போது களத்தைப் பார்க்கிறது.

களத்தில் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். அந்த கேமில் முதலில் திறக்கும் டன்ஜன் சஸ்தாஷா, 15ஆம் லெவல். கடற்கொள்ளையர் ஒளிந்திருக்கும் கடலோரக் குகை அது. பாறையையும் அலையையும் பார்த்து வளர்ந்த திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. வழியில் மூன்று எதிரிகள் நிற்கின்றன. ஸ்டான்ஸ் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். தூரத்திலிருந்து ஒன்றின்மேல் கேடயத்தை வீசுங்கள். அது ஓடிவரும்போது நீங்கள் மற்ற இரண்டுக்கும் நடுவே ஓடி, சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் ஒருசேர அடிக்கும் தாக்குதலை இரண்டு முறை அழுத்துங்கள். இனி எதிரிப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்புச் சதுரம் இருந்தால் மூன்றும் உங்களைத்தான் அடிக்கின்றன. வேறு நிறம் தெரிந்தால் ஒன்று நழுவிவிட்டது, அநேகமாக ஹீலரிடம். பிறகு ஓரிரு அடி நகர்ந்து, மூன்றும் உங்களைப் பார்த்தபடியும் முதுகை உங்கள் ஆட்களுக்குக் காட்டியபடியும் நிற்கும்படி திரும்பிக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஆடாதீர்கள். டேங்க் அங்குமிங்கும் துள்ளினால் எதிரியும் துள்ளும். பின்னால் நின்று குத்துகிறவர் ஒவ்வொரு முறையும் ஓடிப் பிடிக்க வேண்டும்.

முதுகைக் காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய எதிரிகளில் பல, தமக்கு முன்னால் விசிறிபோல் விரியும் தாக்குதலை வீசும். நெருப்பு மூச்சு, கோடரிச் சுழற்சி என்று வடிவம் மாறும். எதிரியின் முகம் டேங்க் பக்கமே இருந்தால் அதில் அடிபடுவது ஒருவர்தான். குழுவின் பக்கம் அது திரும்பிவிட்டால் ஒரே மூச்சில் மூன்று பேர் கிடப்பார்கள்.

அடுத்தது கவசத் திறன்கள். ராம்பார்ட் என்ற ஒன்றை அழுத்தினால் 20 செக்கனுக்கு உங்கள்மேல் விழும் சேதம் 20 சதவீதம் குறையும். மறுபடி அழுத்த முதல் முறையிலிருந்து 90 செக்கன் ஆக வேண்டும். உயிர்ப்பட்டை பாதிக்குக் கீழே போன பிறகுதான் பலர் இதைத் தேடுவார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும். ஆறு எதிரிகள் சூழ்ந்திருந்தால் சேதம் அதிகம் விழுவது ஆறும் உயிரோடிருக்கும் ஆரம்பச் செக்கன்களில். இரண்டு மட்டும் மிஞ்சியபின் கவசம் போட்டு என்ன பயன்? ஆகவே எதிரிகள் கூடியவுடன் முதலாவதை அழுத்துங்கள். அது தீரும்போது அடுத்தது. 20 சதவீதத் திறன்கள் இரண்டை ஒன்றாகப் போட்டால் 40 சதவீதம் குறையும் என்று எண்ண வேண்டாம். முதலாவது 100ஐ 80 ஆக்கும். இரண்டாவது அந்த 80இல் 20 சதவீதத்தைக் கழித்து 64 ஆக்கும். நான்கு புள்ளி நட்டம். பாஸ் எனப்படும் தலைமை எதிரி ஓங்கி விடும் ஒற்றைப் பெரிய அடிக்கு மட்டும் இப்படி அடுக்குவது தகும்.

எவ்வளவு வேகமாக முன்னே போவது என்பதுதான் டேங்க் வேலையில் கடினமான தீர்ப்பு. டேங்க் முன்னே போய் குழு பின்தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் திருகோணமலைக் கடலிலேயே உண்டு, அதுவும் கணினி வருவதற்கு வெகு முன்னர். 1782 ஜனவரியில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அங்கிருந்த இரண்டு கோட்டைகளையும் கைப்பற்றிவிட்டார். காப்பாற்ற வந்த பிரித்தானியத் தளபதி ஹியூஸ், செப்டெம்பர் தொடக்கத்தில் வந்து பார்த்தபோது கோட்டைமேல் பிரெஞ்சுக் கொடி. செப்டெம்பர் 3ஆம் திகதி 14 போர்க்கப்பல்களோடு சுஃப்ரென் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தார். ஹியூஸிடம் இருந்தவை 12. எண்ணிக்கையில் பிரெஞ்சுக்காரருக்கே சாதகம்.

ஆனால் அவர்களுடைய வரிசை ஒழுங்காக அமையவில்லை. நெருங்கிப் போய்ச் சுடுங்கள் என்ற சமிக்ஞைக்கு மற்றக் கப்பல்களின் கவனத்தை இழுக்க சுஃப்ரென் ஒரு பீரங்கியை வெடிக்கச் செய்தார். அதையே சுடுவதற்கான உத்தரவாக எண்ணித் தூரத்திலிருந்தே சுடத் தொடங்கிவிட்டார்கள். 74 பீரங்கிகள் கொண்ட அவருடைய எரோஸ் கப்பலும், இலுஸ்த்ர், அஜாக்ஸ் என்ற இரண்டும் நடுவில் எதிரியின் கிட்டத்தில் சிக்கிக்கொண்டன. மணிக்கணக்கில் அடி முழுவதும் அவற்றின்மேல். எரோஸின் பெரிய பாய்மரம் முறிந்து கொடியோடு விழுந்தது. மாலையில் காற்றுத் திசை மாறியபின்தான் முன்னே போயிருந்த கப்பல்கள் திரும்பி வந்து உதவ முடிந்தது. அன்று பிரெஞ்சுத் தரப்பில் மாண்டவர்களில் பெரும்பகுதி அந்த மூன்று கப்பல்களில் இருந்தவர்கள். சுஃப்ரெனுக்குத் துணிவிலும் குறைவில்லை, கப்பலிலும் குறைவில்லை. எதிரியின் கவனம் அவர்மேல் இருந்தபோது அவருடைய ஆட்கள் அடிக்கும் தூரத்தில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கேமில் இது நாளாந்தம் நடக்கிறது. டேங்க் இரண்டு மூன்று கூட்டங்களை ஒரேயடியாக இழுத்துக்கொண்டு மூடிய கதவுவரை ஓடுகிறார். ஹீலர் முந்தைய சந்தியில் பெட்டி திறந்துகொண்டு நிற்கிறார். இழுப்பதை புல் என்பார்கள். புல் தொடங்குமுன் இரண்டு விஷயம் பார்த்தால் போதும்: ஹீலர் உங்களுக்குக் குணமளிக்கும் தூரத்தில் இருக்கிறாரா, அவருடைய எம்பி (மந்திரச் சக்தி) பட்டை பாதிக்கு மேல் இருக்கிறதா.

இனி, திருகோணமலையிலிருந்து ஆடுகிறவருக்கு மட்டுமே உரிய சில சங்கடங்கள். வீட்டு வாசலில் வங்காள விரிகுடா கிடந்தாலும், நகரின் உவர்மலையில் ஒருவர் அழுத்தும் பட்டன் முதலில் நாட்டைக் குறுக்கே கடந்து, கல்கிசை, கொழும்பு, மாத்தறைப் பக்கம் கரையேறும் கடலடிக் கேபிள்களில் ஒன்றைப் பிடித்துத்தான் வெளியே போகும். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அது போய்ச் சேர வேண்டிய சேர்வர்களும் தூரத்தில்தான். சிட்னி இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீட்டர். போய்வரவே 87 மில்லிசெக்கன். கேபிள் வளைந்து போவதால் உண்மையில் இதைவிடக் கூடும். எவ்வளவு விலையான இணைப்பை எடுத்தாலும் இந்தத் தூரம் குறையாது. டோக்கியோ சுமார் 6,600. ஃபைனல் ஃபான்டஸி 14இன் ஜப்பான் சேர்வரும் 2022 ஜனவரியில் திறந்த ஓசியானியா சேர்வரும்தான் இங்குள்ளவர்களுக்குப் பொருந்துபவை. கணக்குத் தொடங்குமுன் இரண்டிலும் பிங், அதாவது இந்தப் போய்வரும் நேரம், எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

பிங் கூடினால் ஆடமுடியாது என்றில்லை. பழக்கத்தை மாற்ற வேண்டும். நிலத்தில் செம்மஞ்சள் வட்டம் தெரிந்தால், எதிரியின் மந்திரப் பட்டை நிறையும் கணத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதை வைத்துத்தான் சேர்வர் தீர்ப்பளிக்கும். வெடிப்புக் காட்சி அதற்குப் பிறகு வருகிறது. உங்கள் திரையில் கடைசிக் கணத்தில் வெளியேறியது சேர்வரின் பார்வையில் வெளியேறாததாக இருக்கலாம். ஆகவே பட்டை முக்கால் நிறையும்போதே நகர்ந்துவிடுங்கள். கவசத் திறனையும் அதுபோல் அரைச் செக்கன் முந்தி அழுத்துங்கள்.

மின்சாரம் வேறு கதை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் கரண்ட் போனது. டிபிஎஸ் ஒருவர் மறைந்தால் சண்டை கொஞ்சம் நீளும். டேங்க் நடுவில் மறைந்தால் எதிரி அடுத்த கணமே மற்றவர்கள்மேல் பாயும். மடிக்கணினியில் ஆடுகிறவர்கள் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தால் ஒரு டன்ஜனை முடிக்கும் நேரமாவது கிடைக்கும்.

இத்தனை பொறுப்பு இருப்பதால்தான் டேங்க்குக்கு எங்கும் ஆள் பற்றாக்குறை. பிழை விட்டால் எல்லோருக்கும் தெரியும். வழி தெரியாமல் நின்றாலும் தெரியும். 2011இல் வோர்கிராஃப்ட், ஆள் குறைவான பங்கை ஏற்று வரிசையில் நிற்பவருக்கு ஒரு பரிசுப் பையே கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பங்கு பெரும்பாலும் டேங்க்தான். ஃபைனல் ஃபான்டஸியிலும் அப்படியொரு ஊக்கத்தொகை உண்டு. கில்ட் வோர்ஸ் 2 இந்த மூவர் ஏற்பாடே வேண்டாம் என்று 2012இல் வந்தது. 2015இல் அதில் ரெய்டு எனப்படும் பெரிய குழுச் சண்டைகள் வந்தபோது, அதிக உறுதி கொண்டவரையே தேடி அடிக்கும் பாஸ்களும் கூடவே வந்தன.

பற்றாக்குறையால் இங்குள்ளவர்களுக்கு ஓர் இலாபம் உண்டு. நமக்கு இரவு எட்டு மணி என்றால் ஜப்பானில் பதினொன்றரை. அங்கே கூட்டம் கலையும் நேரம். டிபிஎஸ் ஆக வரிசையில் நின்றால் காத்திருந்தே தூக்கம் வரும். டேங்க் ஆக நின்றால் பெரும்பாலும் வரிசையே இராது.

தொடங்குவதற்குக் காசு வேண்டியதில்லை. ஃபைனல் ஃபான்டஸி 14இன் இலவசப் பதிப்பில் 70ஆம் லெவல்வரை கால வரம்பின்றி ஆடலாம். சஸ்தாஷாவை டியூட்டி சப்போர்ட் என்ற வசதியில் கணினியே இயக்கும் துணைவர்களோடு போய்ப் பார்க்கலாம். அவர்கள் நீங்கள் எவ்வளவு தடுமாறினாலும் முறைக்க மாட்டார்கள், விட்டுவிட்டு ஓடவும் மாட்டார்கள். அங்கே வழியும், எதிரியைத் திருப்பி நிறுத்துவதும், ராம்பார்ட் அழுத்தும் நேரமும் கைக்கு வரட்டும். பிறகு மனிதர்களோடு போகும்போது, உள்ளே நுழைந்தவுடன் பார்ட்டி சாட்டில் இது எனக்குப் புதிது என்று ஒரு வரி போடுங்கள். அநேகம் பேர் பொறுத்துக்கொள்வார்கள், சிலர் பாஸைப் பற்றி முன்கூட்டியே சொல்லியும் தருவார்கள். யாராவது இன்னும் பெரிய புல் செய் என்று அவசரப்படுத்தினால், அதற்கு ஹீலர் சம்மதிக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.