பழைய கணினியில் லினக்ஸ்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. எங்கள் வீட்டுக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கும் வசதி இப்போது வாப்பாவுக்கு இல்லை. எனவே, இலவசப் பணிசெயல் முறைமையான லினக்ஸ் மின்ட்டை அதில் நிறுவினேன். அப்போது அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் பாடக்குறிப்புகள், குடும்பப் படங்கள் அனைத்தையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். வன்தட்டை அழித்து நிறுவினால் பழையவை எதுவும் மிஞ்சாது.

பென்டிரைவிலிருந்து கணினி தொடங்காவிட்டால், பயோஸ் அமைப்பில் தொடக்க வரிசையைப் பாருங்கள். வன்தட்டு முதலிடத்தில் இருந்தால் விண்டோஸே மீண்டும் திறக்கும். யூஎஸ்பியை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வரைகலை அட்டைக்கும் அதன் டிரைவருக்கும் ஒத்துப்போகாததே காரணம். தொடக்கப் பட்டியலில் 'கொம்பெட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

வைபை தெரியாதிருப்பது அடுத்த தடை. புரோட்கொம் போன்ற சில சில்லுகளுக்குத் தனி டிரைவர் தேவை. அதைப் பதிவிறக்கவோ இணையம் வேண்டும்! கைத்தொலைபேசியைக் கேபிளால் இணைத்து, யூஎஸ்பி டெதரிங் மூலம் இணையம் பெற்று, 'டிரைவர் மனேஜர்' வழியே நிறுவலாம்.

இவற்றையெல்லாம் வன்தட்டைத் தொடாமலேயே, பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி முன்கூட்டியே சோதிக்கலாம். ஒலி, வைபை, அச்சுப்பொறி மூன்றும் இயங்கினால் மட்டும் நிறுவுங்கள். பெற்றோரே, பழைய கணினியை விற்குமுன் உங்கள் பிள்ளைக்கு ஒரு மாலைப்பொழுது கொடுத்துப் பாருங்கள்.