வடசென்னை வானம் – 9: பெய்யாத மழையின் கணக்கு

எம்.கே.பி. நகரில் மழை எவ்வளவு என்று கேட்டால் யாரும் மில்லிமீட்டரில் பதில் சொல்வதில்லை. "கணேசபுரம் சப்வேயை மூடிட்டாங்க" என்பார்கள். கேப்டன் காட்டன் கால்வாய் தெருவுக்குள் ஏறிவிட்டதா, தரைத்தள வீட்டில் கட்டில்வரை தண்ணீர் வந்ததா என்பதுதான் இங்கே மழைக் கணக்கு. வெள்ளத்துக்கு இப்படி அடையாளங்கள் உண்டு. மழை வராத நாளுக்கு எந்த அடையாளமும் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் மேகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். மார்கழியில் வானம் பளிச்சென்று இருக்கும். "இந்த வருஷம் நல்ல குளிர்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். சித்திரையில் அடிபம்பு வெறும் காற்றைக் கக்கும்போதுதான் விஷயம் உறைக்கும்.

2018 கடைசியில் அதுதான் நடந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு ஏறக்குறைய 78 செ.மீ. மழை வர வேண்டும். வந்தது 35 செ.மீ. அளவுதான். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவின் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. டிசம்பர் 17 அன்று பெய்ட்டி புயல் நம் கடலோரத்தை ஒட்டி மேலே ஏறி ஆந்திரத்துக்குப் போய்விட்டது. பிறகு ஏப்ரல் கடைசியில் ஃபானி வருகிறது என்று காத்திருந்தோம், அது ஒடிசாவின் பூரிக்குப் போனது. சொல்லிக்கொள்ளும்படியான மழை 2019 ஜூன் 20-ம் தேதிதான் வந்தது. அதற்குள் செம்பரம்பாக்கம் ஏரியும் புழல் ஏரியும் வெடித்துக் கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து இறங்கியது.

இந்தப் பஞ்சம் ஜூனில் பிறந்ததாகவே பலரும் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் டிசம்பர் 31 அன்றே கணக்கு முடிந்துவிட்டது. தை முதல் பங்குனி வரை சென்னையில் மழை இல்லாதது வழக்கம்தான், அதனால் அந்த வறட்சி யார் கண்ணையும் உறுத்தவில்லை. தினமும் மழையை எழுதி, அதுவரையிலான மொத்தத்தையும் பக்கத்தில் கூட்டி வந்த ஒருவருக்கு மட்டும், மே மாதத்துக் குழாய் சொல்லப்போவதை ஜனவரி முதல் தேதியே நோட்டு சொல்லியிருக்கும்.

அப்படி எழுதிவைத்த ஊர்தான் இது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டியது. நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடத்தில் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் சேர்த்தே குறித்தார்கள். மழைக் கணக்கு 1813-லிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. இந்தியாவில் இவ்வளவு பழைய மழைத் தொடர்கள் மிகச் சில. கல்லூரிச் சாலையில் இன்றைய மண்டல வானிலை ஆய்வு மையம் இருப்பதும் அதே வளாகத்தில்தான். 1832-ல் மதராசில் விழுந்தது 18 அங்குலம் சொச்சம் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. அந்த வறட்சியோடு வந்ததுதான் குண்டூர்ப் பஞ்சம். 1876-ல் வடகிழக்குப் பருவமழை மறுபடி பொய்த்தது, தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. அந்தப் பஞ்சத்தில் கூலிக்கும் கஞ்சிக்கும் வந்த சனங்களை வைத்துத்தான் 1877-78-ல் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே கால்வாய் வெட்டினார்கள். எண்ணூரை நோக்கிப் போகும் பழைய காக்ரேன் கால்வாயும் அதோடு சேர்ந்து பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. வியாசர்பாடிக்காரர்கள் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் கால்வாய் அதுதான்.

1877-ல் வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி மதராசின் அந்த மழைக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, சூரியப் புள்ளிகளுக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. அவர் கையாண்ட மழை எண்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. பெயர் தெரியாத யாரோ ஒரு குமாஸ்தா காலையில் எழுந்து போய் அளந்து எழுதியவை அவை. என்னைக் கேட்டால் அந்த ஆளுக்குத்தான் சிலை வைக்க வேண்டும்.

அவரைப் போன்றவர்களை ஆயிரக்கணக்கில் திரட்டியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் சைமன்ஸ். 1860-ல் 168 பேரோடு தொடங்கினார். 1900-ல் அவர் இறக்கும்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவருக்காக மழை அளந்துகொண்டிருந்தார்கள். பாதிரிமார், பள்ளி ஆசிரியர்கள், தோட்டக்காரர்கள் எனப் பெரும்பாலும் சம்பளம் வாங்காத மனிதர்கள். நம் தாலுகா அலுவலகங்களில் வெகுகாலம் இருந்த மழைமானிக்கும் சைமன்ஸ் மழைமானி என்றுதான் பெயர்.

வடசென்னைக்கு இந்த மழை நோட்டு ஏன் வேண்டும்? துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் 2002 முதல் டாப்ளர் ரேடார் சுற்றுகிறது. மணலி, கத்திவாக்கம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று நம் பக்கத்துப் பெயர்களும் இப்போது தினசரி மழைப் பட்டியலில் வருகின்றன. ஆனால் 'சென்னையின் மழை' என்று நீண்ட காலமாகச் சொல்லப்படுவது நுங்கம்பாக்கத்தையும் மீனம்பாக்கத்தையும் வைத்துத்தான். 2025 ஆகஸ்ட் 30 இரவு மணலியில் 27 செ.மீ., விம்கோ நகரில் 23 செ.மீ. கொட்டியது. மழை இப்படித் தெருவுக்குத் தெரு மாறும்போது, வறட்சியும் அப்படித்தான் மாறும். நம் தெருவின் பற்றாக்குறையை நுங்கம்பாக்கத்துப் புல்வெளியில் கண்டுபிடிக்க முடியாது.

செலவு ஒன்றும் பெரிதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான டப்பா ஒன்றும் பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். தண்ணீரின் உயரம் எத்தனை மில்லிமீட்டரோ, மழை அத்தனை மில்லிமீட்டர். ஹவுசிங் போர்டு மாடிகளில் இடம்தான் சிக்கல். சின்டெக்ஸ் தொட்டி மழைமானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். துணிக் கொடிக்குக் கீழே வைக்கக் கூடாது. நேரம் காலை 8.30, அரசு நிலையங்களும் அப்போதுதான் பார்க்கின்றன. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது கணக்கில் 'மழை நாள்'.

மழை இல்லையென்றால் 0.0 என்று எழுத வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கட்டம் காலியாக இருந்தால், அன்று மழை இல்லையா, அல்லது நீங்கள் மச்சான் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தீர்களா என்று பிறகு பார்ப்பவருக்குத் தெரியாது. ஊரில் இல்லாத நாளுக்கு 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள்.

பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: காலைக் குளிர், காற்றின் திசை. மேகமில்லாத இரவில் தரையின் சூடு மேலே போய்விடும், குளிர்ந்த காற்று கீழே தங்கி புகையையும் அமுக்கி வைக்கும். 2018 போகியன்று விமானங்களையே திருப்பி அனுப்ப வேண்டி வந்ததே, நினைவிருக்கிறதா? காற்று வடக்கிலிருந்து அசைந்தால் மணலி ஆலைகளின் வாடை, குப்பைமேடு எரிந்தால் கொடுங்கையூர்ப் புகை. மழை கழுவாத மாதங்களில் குழந்தைக்கு இழுப்பு வந்த நாளையும் காற்று வந்த திசையையும் சேர்த்து எழுதிவைத்த நோட்டு, மருத்துவரிடம் காட்டவும் மனுவோடு இணைக்கவும் உதவும்.

600 சதுர அடி மொட்டைமாடியில் 1 மி.மீ. மழை என்றால் 56 லிட்டர். 2018-ல் குறைந்த 43 செ.மீ. மழையை இப்படிப் பெருக்கினால் ஒரு மாடிக்கு 24,000 லிட்டர். 9,000 லிட்டர் தண்ணி லாரி ஏறக்குறைய மூன்று! மழைநீர் சேகரிப்பை அரசு 2003-ல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கியது. வருகிற ஐப்பசிக்கு முன் உங்கள் வீட்டுக் குழியைத் தூர்வாருகிற கையோடு ஒரு டப்பாவையும் மாடியில் வையுங்கள். வியாசர்பாடி, கொடுங்கையூர், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வாசகர்கள் மாதக் கணக்கைத் தெருப்பெயரோடு இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். 0.0 நாட்கள் உட்பட, நுங்கம்பாக்கத்து எண்ணுக்குப் பக்கத்திலேயே அதை அச்சிடுவோம்.

(தொடரும்)