ஐயப்பன்தாங்கல் டு ராமேஸ்வரம்: நாலு பேர் போய் வர எது கட்டுப்படி ஆகும்?

டூர் போறதுன்னா தேதியை மாத்திக்கலாம். அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போறவங்க அமாவாசையை மாத்த முடியாது. அதனால கடைசி நேரத்துல கேட்ட விலையைக் கொடுத்துட்டுப் போறோம். பட்ஜெட் உடையறது அங்கதான்.

முதல்ல ரயில். 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல வண்டி நின்னதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல தீவுக்குள்ள ரயிலே போகலை. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தாங்க. அன்னைக்கே தாம்பரம்–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் தொடங்குச்சு. திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியா போகுது. சாயந்திரம் ஏறினா விடியற்காலை ராமேஸ்வரம்.

சேது எக்ஸ்பிரஸும் போட் மெயிலும் தாம்பரத்துல நிக்கும். (1964 புயலுக்கு முன்னாடி போட் மெயில் தனுஷ்கோடி வரைக்கும் போகும், அங்க கப்பல் ஏறி இலங்கை. இத்தாலியில சிசிலித் தீவுக்கு இன்னைக்கும் ரயில் பெட்டியையே கப்பல்ல ஏத்தித்தான் கொண்டு போறாங்க!) போரூர், வடபழனி ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டு எக்மோர் போகத் தேவையில்லை. ஆனா புக் பண்ணும்போதே போர்டிங் பாயின்ட் தாம்பரம்னு கொடுங்க. எக்மோர்னு போட்டுட்டு தாம்பரத்துல ஏறினா, ஆள் வரலைன்னு உங்க பெர்த் வேற ஒருத்தருக்குப் போக வாய்ப்பிருக்கு.

ஸ்லீப்பர் ஆளுக்குச் சுமார் 400 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, நாலு பேர் போய் வர 3,200. முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி காலை 8 மணிக்குத் திறக்கும். நாம கிளம்பறது முந்தின நாள் ராத்திரி. அதனால அமாவாசையிலிருந்து எண்ணாம, கிளம்பற நாள்லேர்ந்து எண்ணுங்க. அமாவாசை அன்னைக்கே திரும்பறதா இருந்தா அந்த டிக்கெட் மறுநாள்தான் திறக்கும். நிறைய பேர் கோட்டை விடறது இதைத்தான்.

சொந்தக் கார்னா போக வர சுமார் 1,120 கி.மீ. லிட்டருக்கு 15 கிடைச்சா 75 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய்னாலே 7,500. டோல் தனி. ஃபாஸ்டேக் வருஷ பாஸ் (200 தடவை அல்லது ஒரு வருஷம்) இந்த ஒரு டிரிப்புக்காக எடுக்கறது வேஸ்ட்; அடிக்கடி ஊருக்குப் போறவங்களுக்கு ஓகே. வயசான அம்மா கூட வர்றாங்கன்னா மட்டும் நான் காரை யோசிப்பேன்.

விமானமா? ராமேஸ்வரத்துல ஏர்போர்ட் கிடையாது. மதுரையில இறங்கி இன்னும் 170 கி.மீ.க்கு மேல டாக்ஸி. அந்த டாக்ஸிக் காசுலயே ரெண்டு பேர் ரயில்ல போய் வந்துடலாம்.

டிக்கெட் கிடைக்கலைன்னா கிளாம்பாக்கம் போய் அரசு விரைவு பஸ். ஆம்னி பஸ்ல அமாவாசை நேரத்து ரேட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கோயில் ரெண்டு கி.மீ. இருக்கும், டவுன் பஸ் ஓடுது. ஆட்டோன்னா ஏறறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.